வரப்போற டிவி காசு

அண்ணி: எந்திரிக்காதீங்க தம்பி! எந்திரிச்சா இந்த மெஷினே ரூம் கதவு வரைக்கும் நடந்து போயிடும்.

தம்பி: அ...ண்...ணி... பல்லு ஆ...டுது...

அண்ணி: இன்னும் ரெண்டு நிமிஷம். பிழிஞ்சு முடிச்சதும் தானா அடங்கிடும்.

தம்பி: கிளப்புக்கே கணக்கு பாக்கற ஆளு... வாஷிங் மெஷின் மேல குந்தியிருக்கேன். மேல ஸ்டாண்டுல பன்னெண்டாயிரம் பேரு ஃபுட்பால் மேட்ச் பாக்கறாங்க.

அண்ணி: நீங்களும் போய்ப் பாருங்களேன். உங்களை யாரு பிடிச்சு வச்சா?

தம்பி: என்னால முடியாது அண்ணி. போன வாரம் பாத்ததுக்கே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குச்சு.

அண்ணி: அப்ப பேசாம உக்காருங்க. உங்க தொந்திக்கும் ஒரு வேலை கிடைச்சுதேன்னு சந்தோஷப்படுங்க. மழையில முதல் பாதிச் சட்டை பூரா சேறு. இதை இப்பவே அலசலேன்னா கறை போகவே போகாது.

தம்பி: இந்தக் கதவு... எவ்வளவு அகலம் இருக்கும் அண்ணி?

அண்ணி: எது, இந்த ரூம் கதவா? எதுக்கு?

தம்பி: சும்மா... ஒரு லிஸ்ட் எழுதணும்.

அண்ணி: என்ன லிஸ்ட்டு? பையில டேப் வேற வச்சிருக்கீங்க. காலையில குனிஞ்சு குனிஞ்சு அளந்தீங்களே, நான் பாக்கலேன்னு நினைச்சீங்களா?

தம்பி: அதான்... கடன் கொடுத்தவன் கேட்டான். கிரவுண்டை ஒப்படைக்க வேண்டி வந்தா, எந்த ரூம் எவ்வளவுன்னு...

அண்ணி: வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு? மேட்ச் இன்னும் முடியல!

தம்பி: இருபது நிமிஷம்தான் இருக்கு. ஒரு கோல் பின்னாடி இருக்கோம். சமம் பண்ணினாத்தான் முதல் டிவிஷன்ல நீடிப்போம். இல்லேன்னா கீழ இறங்கிடுவோம். கீழ இறங்கினவனை டிவிக்காரன் திரும்பிக்கூடப் பாக்கமாட்டான்.

அண்ணி: பாக்காட்டி போறான்.

தம்பி: எப்படிப் போவான்? மூணு வருஷத்துக்கு அவன் தரப்போற காசைக் காட்டி, இப்பவே கடன் வாங்கித் தின்னுட்டோமே! அந்தக் காசு வரலேன்னா, கடன்காரன் கிரவுண்டை எடுத்துக்குவான். கிரவுண்டு, ஸ்டாண்டு, இந்த ரூம், இந்த மெஷின்...

அண்ணி: இந்த மெஷினைத் தாராளமா எடுத்துக்கட்டும். நாலு நாள் அவனே இது மேல உக்காந்து பாக்கட்டும்.

தம்பி: சிரிக்காதீங்க அண்ணி...

அண்ணி: அழுதா மட்டும் கோல் விழுமா? ஆமா, அவ்வளவு காசையும் கொட்டி வாங்கினீங்களே ஒரு ஆளு... அவன் என்ன பண்றான் இன்னைக்கு?

தம்பி: யாரு, டிவியா?

அண்ணி: அவன்தான். பசங்க நல்லாத்தான் பேரு வச்சிருக்காங்க. டிவி காசுல வந்தவன், அதனால டிவி. வருஷம் பூரா ரெண்டே ரெண்டு கோல். அவன் சட்டை மட்டும் எப்பவும் துவைச்ச மாதிரியே திரும்பி வருது.

தம்பி: தலைவர்கிட்ட அப்பவே சொன்னேன். வராத காசை நம்பி செலவு பண்ணாதீங்க, காசு கைக்கு வந்தப்புறம் ஆளை வாங்குங்கன்னு. கேட்டாரா? அந்தக் கடன் பேப்பரைக் கையெழுத்துக்கு எடுத்துட்டுப் போனதே நான்தான் அண்ணி. அதை நினைச்சா ராத்திரி தூக்கமே... யாரு அது?

அண்ணன்: நான்தாண்டா! கதவைத் திற, கையில வாளி இருக்கு.

அண்ணி: ஏங்க! பூட்ஸோட உள்ள வராதீங்க! இப்பத்தான் தரையைத் துடைச்சேன். அங்கேயே நில்லுங்க.

அண்ணன்: நின்னுட்டேன் தாயே. கிரவுண்டைப் பாத்துக்கறவன் பூட்ஸ்ல சேறு இல்லாம சந்தனமா இருக்கும்?

தம்பி: அண்ணே, ஸ்கோரு?

அண்ணன்: அதே ஒண்ணு பூஜ்யம்தான். பந்து போற இடமெல்லாம் தண்ணி. ஒரு மூலையில நான் வாரி இறைக்கறேன், இன்னொரு மூலையில தேங்குது. இவன் ஏன் மெஷின் மேல உக்காந்திருக்கான்?

அண்ணி: பழைய மெஷினுக்குப் புது மூடி வாங்கியிருக்கேன். ஆமா, இந்தக் கதவு ஏன் முழுசாத் திறக்கல? பின்னாடி என்னமோ இடிக்குதே. என்ன வச்சிருக்கீங்க அங்க?

அண்ணன்: அது... கொடிக்கம்பு. கார்னர் கொடிக்கம்பு. மழையில நனையவேண்டாம்னு.

அண்ணி: கொடிக்கம்பு இவ்வளவு கனமாவா இருக்கும்?

அண்ணன்: நனைஞ்ச கம்பு கனக்காதா? நான் வரேன், தண்ணி ஏறுது!

அண்ணி: போறதைப் பாரு, பிடிபட்ட பூனை மாதிரி.

தம்பி: அண்ணி... அந்த அலமாரியில என்ன இருக்கு? அதையும் லிஸ்ட்ல எழுதணும்.

அண்ணி: எந்த அலமாரி?

தம்பி: பூட்டு தொங்குதே, அது. இருபத்திரண்டு வருஷமா நீங்க எதையும் பூட்டி நான் பாத்ததில்ல.

அண்ணி: சோப்பு.

தம்பி: சோப்புக்குப் பூட்டா?

அண்ணி: விலை ஏறிப்போச்சு தம்பி! உங்களுக்கு எங்க தெரியும், பில்லுல கையெழுத்து போடறதோட சரி. பேச்சை மாத்தாம உக்காருங்க, அடுத்து சாக்ஸ் போடறேன்.

தம்பி: மறுபடியுமா?

அண்ணி: மறுபடியும்தான். இல்லேன்னா கையாலதான் பிழியணும்.

தம்பி: வேண்டாம் வேண்டாம்! கையால பிழியாதீங்க. உக்காந்துட்டேன். போடுங்க.

அண்ணி: என்ன இப்படிப் பதறறீங்க?

தம்பி: ஒண்ணும் இல்ல... ஒண்ணு கேக்கட்டுமா அண்ணி? இந்த ரூம் போயிட்டா என்ன பண்ணுவீங்க?

அண்ணி: அந்தச் சாக்ஸ் கூடையை இப்படித் தள்ளுங்க.

தம்பி: சொல்லுங்க.

அண்ணி: என்ன சொல்ல? உங்க அண்ணன் எங்கயாவது புல்லு வெட்டப் போயிடுவாரு. எனக்கு... ஒவ்வொருத்தன் சட்டையும் வாசனையிலயே தெரியும் தம்பி. யாரு பயந்து ஆடினான், யாரு சோம்பேறி, யாரு வீட்டுல சண்டை போட்டுட்டு வந்தான், எல்லாம் தெரியும். இதை விட்டுட்டு எங்க போவேன்? அதான் நினைக்கறதில்ல. நினைக்காம சாக்ஸ் திருப்பறேன்.

தம்பி: அழறீங்களா?

அண்ணி: சோப்புத்தண்ணி. நீங்க... இருங்க! என்ன சத்தம் அது?

தம்பி: மெஷின்.

அண்ணி: மெஷின் இல்ல, மேல! கேளுங்க! கூரை அதிருது!

தம்பி: கோலா? நமக்கா, அவங்களுக்கா?

அண்ணி: அவங்களுக்குன்னா இப்படிக் குதிப்பாங்களா? கோலு தம்பி! கோலு!

தம்பி: கோல்ல்ல்!

அண்ணி: ஐயோ, எந்திரிச்சுட்டீங்களே! மெஷின் ஓடுது, பிடிங்க! பைப்பைப் பிடுங்கிட்டுப் போகுது!

தம்பி: பிடிச்சுட்டேன்! பிடிச்சுட்டேன்... காலு! காலு மேல ஏறிடுச்சு!

அண்ணன்: கேட்டுச்சா? கேட்டுச்சா?

அண்ணி: பூட்ஸு!

அண்ணன்: பூட்ஸாவது மண்ணாவது! டிவி போட்டுட்டாண்டி! பந்து சேத்துல நின்னுடுச்சு, கோல்கீப்பர் சறுக்கி விழுந்தான், இவன் தடுக்கி அவன் மேல விழுந்தான், பந்து இவன் முதுகுல பட்டு உள்ள போயிடுச்சு!

தம்பி: முதுகுலயா?

அண்ணன்: முதுகுக்குக் கொஞ்சம் கீழதான். ஆனா இருங்க, ரெஃபரி இன்னும் ஒத்துக்கல. ஆஃப்சைடான்னு டிவியில போட்டுப் பாக்கறாரு.

அண்ணி: டிவி போட்ட கோலை டிவியில பாக்கறாங்களா!

தம்பி: போச்சு. எனக்கு மயக்கம் வருது.

அண்ணி: மெஷின் மேல மயங்குங்க, அடங்கும். ஏங்க, என்ன ஆச்சு? ஏன் இவ்வளவு அமைதியா இருக்கு?

அண்ணன்: ஸ்... பேசாதே... படிக்கட்டுல இருந்து எட்டிப் பாக்கறேன்... வராரு... விசிலை வாயில வைக்கறாரு... கையை...

தம்பி: கையை?

அண்ணி: கையை என்னங்க?

அண்ணன்: நடுக்கோட்டைக் காட்டிட்டாரு! கோலுதான்! ஒண்ணுக்கு ஒண்ணு!

அண்ணி: கடவுளே, வயித்துல பாலை வார்த்தியே! இன்னும் எத்தனை நிமிஷம்?

அண்ணன்: எக்ஸ்ட்ரா ரெண்டு நிமிஷம்தான். அவங்க பசங்க சேத்துல நடக்கவே முடியாம கிடக்கறாங்க. தென்மூலையில நான் தண்ணி இறைக்கவே இல்ல, தெரியுமா? அவங்க அடிக்கற பக்கம்.

தம்பி: அண்ணே!

அண்ணன்: என்னடா அண்ணே? வாளி ஒண்ணுதானே இருக்கு! இருங்க... விசில்! கேட்டுச்சா? முடிஞ்சுது! நீடிச்சுட்டோம்!

அண்ணி: நீடிச்சுட்டோம்! தம்பி, டிவி காசு வரும்! ரூம் இருக்கும்! ஐயோ, எனக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது!

தம்பி: அண்ணி, இப்பவாவது அந்தச் சோப்பைக் காட்டுங்க.

அண்ணி: சரி... திட்டக்கூடாது. இந்தாங்க சாவி. திறங்க.

தம்பி: இது என்ன... அடுத்த வருஷச் சட்டை! கையில முதல் டிவிஷன் பட்டை தைச்சிருக்கே! இருபத்தஞ்சு சட்டையுமா?

அண்ணி: முப்பது. கோல்கீப்பருக்கும் சேத்து.

தம்பி: எப்ப தைச்சீங்க?

அண்ணி: ஒரு மாசமாச்சு. பட்டைக்கும் நூலுக்கும் டிவி காசு வந்ததும் தரேன்னு கடைக்காரன்கிட்ட சொல்லியிருக்கேன்.

தம்பி: ஒரு மாசமா? அப்ப நாம பட்டியல்ல கடைசியில இருந்து ரெண்டாவது! தலைவருக்குத்தான் புத்தி இல்லேன்னா உங்களுக்குமா? வராத காசை நம்பி...

அண்ணன்: டேய் டேய், நிறுத்து. என் ரோலர் ஷெட்டுல தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கியே, அதை முதல்ல அவகிட்ட சொல்லு.

அண்ணி: என்னது தார்ப்பாய்?

தம்பி: அண்ணே, அது வந்து...

அண்ணி: தம்பி, என்ன அது?

தம்பி: மெஷின் அண்ணி. புது வாஷிங் மெஷின். பெருசு. செவ்வாய்க்கிழமை வந்துச்சு. போன மாசம் நீங்க கையால பிழிஞ்சீங்களே, விரலெல்லாம் வீங்கியிருந்துச்சு. பாத்துட்டு வீட்டுக்குப் போனா எனக்குச் சோறு இறங்கல. அதான்...

அண்ணி: காசு?

தம்பி: டிவி காசு வந்ததும் தரேன்னு... எழுதிக் கொடுத்திருக்கேன். என் பேருலதான். கிளப் பேருல இல்ல.

அண்ணி: அடப்பாவி மனுஷா! இவ்வளவு நேரமும் எனக்குப் புத்தி சொன்னீங்களே... அப்ப அந்த லிஸ்ட்டு?

தம்பி: லிஸ்ட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. மெஷின் மூணடி அகலம். கதவு ரெண்டே முக்கால் அடி. ஆர்டர் பண்ணறதுக்கு முன்னாடி இதை அளக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. கணக்குல பைசா சுத்தமா பாக்கற எனக்கு, கதவுன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு. ஜன்னல் வழியாவும் போகாது. ரெண்டு நாளா அளந்து பாக்கறேன், கால் அடி குறைஞ்சபடியே இருக்கு.

அண்ணி: குறையட்டும்! எனக்காக வாங்கின மெஷின் வெளிய நிக்கறதாவது! ஏங்க, ஷெட்டுக்குப் போய் அந்தக் கடப்பாரையை எடுத்துட்டு வாங்க. நிலையைப் பேத்துடலாம்.

அண்ணன்: ஷெட்டுக்கு எதுக்குடி போகணும்? மெஷின் வந்து இறங்கின அன்னைக்கே கடப்பாரையைக் கொண்டாந்து கதவுக்குப் பின்னாடி சாத்திட்டேன், கொடிக்கம்புன்னு சொன்னேனே அதான்... நீ பூட்ஸைக் கழட்டச் சொல்லாம இருந்தா, இப்பவே ஆரம்பிச்சுடலாம்.