மாணவியின் பெயர் முதலில்

கல்லூரித் தலைவர் அவர்களே, ஆர்டித்தின் தம்பி ரோலண்ட் அவர்களே, இந்த மார்ச் பனியிலும் வண்டியோட்டி வந்திருக்கும் பழைய மாணவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். நான் வெண்டல் க்ரோகர், வேதியியல் துறை. நாம் இன்று நினைவுகூரும் உயிரியல் பேராசிரியர் ஆர்டித் நைக்விஸ்ட்டின் ஆய்வுக்கூடத்துக்கு அடுத்த அறையில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தவன்.

இருபத்தாறு கோடைகள்! நாங்களெல்லாம் ஏரிக்கரைக்கு ஓய்வெடுக்கப் போனபோது ஆர்டித் எங்கே இருந்தார்? இடுப்பளவு ஆற்றுநீரில். உடன் யார்? கல்லூரியில் ஓராண்டு மட்டுமே முடித்த ஒரு மாணவர். பத்து வாரம், இரண்டு பேர், ஒரு கேள்வி. இந்தப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன ஆராய்ச்சி செய்துவிட முடியும் என்று கேட்டவர்களில் நானும் ஒருவன்.

ஒரு கோடையில் மைலி வாங் வந்தாள். சிப்பிகளை எண்ணுவதுதான் அவள் வேலை. மேலாற்றில் சிப்பிகள் குறைவதற்கு நீர் சூடாவதே காரணம் என்று ஆர்டித் பதினோரு ஆண்டுகளாக எழுதி வந்தார். ஆறாவது வாரம் மைலி சொன்னாள், தடுப்பணைக்குக் கீழே குஞ்சுச் சிப்பிகள் இருக்கின்றன, மேலே எல்லாம் கிழடுகள், நீரின் சூடோ இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று. குஞ்சுகள் ஒருவகை மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டுதான் ஆற்றில் பரவும்.

"அணைக்கு மேல அந்த மீனே கிடையாது, புரொபசர். எங்க மாமா இருபது வருஷமா அங்க தூண்டில் போடறார்."

"உங்க மாமா தூண்டில் போடறதெல்லாம் ஆதாரம் ஆகாது" என்றார் ஆர்டித்.

இரண்டு நாள் அவளிடம் எண்களைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. வீட்டுக்குத் திரும்பிவிடட்டுமா என்று மைலி என்னிடம் வந்து கேட்டாள். கேள்வியை விட்டுவிட்டு எண்ணிக்கையை முடி என்று நான் புத்தி சொன்னேன். நல்லவேளை, அவள் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ஆர்டித்தே வந்து நின்றார். "மாமா வீட்டுக்கு வழி சொல்லு."

மாமா முதலில் ஒட்டரிசிச் சோறும் மிளகாய்த் துவையலும் போட்டார், பிறகுதான் ஆற்றுக்கு அழைத்துப் போனார். மிச்சமிருந்த நான்கு வாரமும் மூவரும் வலை போட்டார்கள். அணைக்கு மேலே அந்த மீன் ஒன்றுகூடச் சிக்கவில்லை. சிப்பிகள் குறையக் காரணம் நீரின் சூடல்ல, மீனை மறித்த அணைதான்.

கட்டுரை வெளிவந்தபோது மைலியின் பெயர் முதலில் இருந்தது. பதினோரு வருட உழைப்பாயிற்றே என்று நான் வருத்தப்பட்டேன்.

"தப்பு என்னோடது, கண்டுபிடிச்சது அவ. பேரை வேற எப்படிப் போடறது, வெண்டல்?"

நண்பர்களே, தன் தவறைத் தன் கையாலேயே அச்சேற்ற எத்தனை பேருக்கு மனம் வரும்?

சில ஆண்டுகளில் அணையை எடுத்தார்கள். போன ஆகஸ்டில், உடம்பு முடியாமல் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் ஆர்டித். இன்று மீன்வளத் துறையில் இருக்கும் மைலி, மேலாற்றிலிருந்து நகத்தளவு குஞ்சுச் சிப்பி ஒன்றை எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதை விரலால் புரட்டிப் பார்த்தார். பிறகு, "அளந்தியா?" என்றார்.

அந்த ஆர்டித்தைத்தான் இழந்து நிற்கிறோம்.

வரும் கோடைக்கு அவர் வழக்கம்போல் ஒருவரை அல்ல, இரண்டு மாணவர்களைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். நாங்கள் இனி வரலாமா என்று அவர்கள் எழுதிக் கேட்டார்கள். வாருங்கள், ஆற்றில் நான் இறங்குகிறேன் என்றேன். ஆனால் சிப்பிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதையும் மறைக்கவில்லை.

ஒரு மாணவி பதில் எழுதியிருக்கிறாள். "பரவாயில்ல, புரொபசர். எங்களுக்கும் தெரியாது. எத்தனை மணிக்கு வரணும்?"

காலை ஆறு மணிக்கு என்று எழுதிவிட்டேன்.