கெட்டி ஆயில்

— கெட்டி ஆயிலா? எதுக்கு சார்?

— சும்மாதாண்ணே. காருக்கு வயசாச்சுல்ல. கெட்டியா ஊத்தினா நல்லதுன்னு நாலு பேரு சொன்னாங்க.

— அந்த நாலு பேர்ல ஒருத்தராவது கையில கிரீஸ் பட்டவரா?

— வந்ததும் ஆரம்பிக்காதீங்கண்ணே. இருபது டபிள்யூ அம்பது... அந்தக் கேன் இருக்கா, இல்லையா?

— இருக்கு. கிழட்டு வண்டிங்களுக்கு வச்சிருக்கேன். உங்க வண்டிக்கு புக்குலயே போட்டிருக்கான், அஞ்சு டபிள்யூ முப்பதுன்னு. மூணு வருஷமா அதத்தானே ஊத்தறேன்?

— நம்பர் பெருசா இருந்தா ஸ்ட்ராங்குன்னு...

— இது என்ன பரீட்சை மார்க்கா? முன்னாடி இருக்கற நம்பர் சின்னதா இருந்தா, சாவியத் திருப்பின உடனே ஆயில் மேல ஏறிடும். பின்னாடி நம்பர், இஞ்சின் சூடானப்புறம் எவ்வளவு கெட்டியா நிக்கும்னு சொல்றது. நீங்க கேக்கறதப் போட்டா, காலையில மேல ஏறவே நேரம் எடுக்கும். அதுவரைக்கும் இரும்பும் இரும்பும் காஞ்சு உரசும்.

— உரசட்டும்ணே.

— என்னது?

— இல்ல... கொஞ்சம் உரசினா ஒண்ணும் ஆயிடாதுன்னு...

— ஒரு கீறல் விழுந்தாலே இங்க வந்து அழுவற ஆளு நீங்க. உரசட்டுமாம்! சரி, புகை வருதா?

— லேசா.

— என்ன கலரு?

— நீலம் மாதிரி...

— நீலமா, நீலம் மாதிரியா?

— நீலம்தான். ஆக்சிலேட்டர அழுத்தினா பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சே கொல்றான்.

— பிஸ்டன் ரிங் தேஞ்சு போச்சு சார். ஆயில் உள்ள கசிஞ்சு எரியுது. கெட்டி ஆயில் போட்டா புகை அடங்கும், சத்தமும் குறையும். ஆனா எத்தன நாளைக்கு?

— எத்தன நாளைக்கு?

— ஒரு மாசம். மிஞ்சிப் போனா ரெண்டு. அப்புறம் இஞ்சினப் பிரிச்சே ஆகணும்.

— ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்கினா போதும்ணே.

— ஆங்... இப்பதான் விஷயம் வெளிய வருது. விக்கறீங்க!

— கத்தாதீங்க...

— யாரு தலையில கட்டறீங்க?

— தலையில கிலையிலன்னு... எங்க சகலைக்குத்தான். ஞாயித்துக்கிழமை ஓட்டிப் பாக்க வர்றான்.

— சொந்த சகலைக்கா!

— சகலைல சொந்த சகலை, ஒண்ணுவிட்ட சகலைன்னு இருக்கா என்ன?

— திடீர்னு எதுக்கு விக்கணும்?

— புதுசு எடுக்கலாம்னு. ஆபீஸ்ல... ப்ரமோஷன்.

— அப்படிப் போடுங்க! கொஞ்சம் தள்ளுங்க, ஆயில் அளவு பாக்கற ஸ்டிக்க உருவிப் பாக்கறேன். ம்...

— என்ன ம்?

— மோந்து பாருங்க.

— ஆயில் வாசம்.

— நல்லா மோந்து பாருங்க சார்.

— பெட்ரோல் வாசம்... அடிக்குதே!

— தண்ணியா வேற இருக்கு. விரல்ல நிக்காம ஓடுது பாருங்க. நாலு மாசம் முன்னாடி நான் ஊத்தினது. மீட்டர்ல முந்நூறு கிலோமீட்டர்கூட ஏறல. ஓடாத வண்டியில ஆயில் எப்படி இப்படிக் கெடும்?

— கலப்பட ஆயிலோ என்னவோ...

— என் பட்டறையில நின்னுகிட்டே சொல்றீங்களே, நல்லா இருக்கு. நின்ன எடத்துலயே இஞ்சின் மணிக்கணக்கா ஓடினா இப்படி ஆகும் சார். ஏசிய போட்டுகிட்டு தெனமும் உக்காந்திருந்தா, பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமா ஆயில்ல எறங்கும்.

— ஆயில மாத்துங்கண்ணே, நேரமாச்சு.

— இன்னிக்கு என்ன கிழமை?

— புதன்.

— மணி பதினொண்ணு. ஷூ, இஸ்திரி சட்டை, தோள்ல பை... ஆபீஸ் லீவா?

— ஆமா... இல்ல, பர்மிஷன்.

— போன வாரம் காத்தடிக்க வந்தப்பவும் பர்மிஷன்தான்.

— ஆயில் மாத்தச் சொன்னா போலீஸ் மாதிரி குடையறீங்களே!

— நானா குடையறேன்? ஸ்டிக் சொல்லுது.

— ...வேலை போயிடுச்சுண்ணே.

— எப்போ?

— நாலு மாசம் ஆச்சு. வீட்ல சொல்லல. எட்டரைக்குக் கிளம்பிடுவேன். லைப்ரரிக்குப் பின்னாடி ஒரு மரம் இருக்கு, அங்க நிறுத்திட்டு உக்காந்திருப்பேன். போன்ல வேலை தேடுவேன். வெயில் ஏறினா ஏசி. மத்தியானம் அவ கட்டிக் குடுத்ததச் சாப்பிடுவேன். அஞ்சரைக்கு டிராஃபிக்கத் திட்டிகிட்டே வீட்டுக்குள்ள நுழைவேன்.

— டிராஃபிக்க வேற திட்டுவீங்களா?

— திட்டலேன்னா சந்தேகம் வருமே.

— அதுவும் சரிதான்.

— கையிருப்பு இந்த மாசத்தோட தீந்துடும். வண்டிய வித்தா ரெண்டு மூணு மாசம் தள்ளிடலாம். அதுக்குள்ள எங்கயாவது கிடைச்சிடும். அவளுக்குத் தெரியாமலே எல்லாம் முடிஞ்சிடும்ணே.

— தெரிஞ்சா என்ன, அடிப்பாங்களா?

— அடிச்சா வாங்கிக்கலாம். அவ தங்கச்சி வீட்ல எம்பேரச் சொல்லித்தான் பெருமை பீத்திக்குவா. அதுல மண்ணப் போட என்னால முடியல.

— வண்டி போயிட்டா ஆபீசுக்கு எப்படிப் போவீங்க?

— பஸ்ல.

— இல்லாத ஆபீசுக்கு பஸ்ல...

— சிரிக்காதீங்கண்ணே.

— சிரிக்கல சார். சத்தியமா சிரிக்கல. நகருங்க, கேனத் திறக்கறேன்.

— அண்ணே... ஒரு மாசம் கழிச்சு வண்டி நடுரோட்டுல நின்னுடுமா?

— நிக்கும்னு எழுதியே குடுப்பேன்.

— சகலை பாதி நாள் வெளியூர்ல இருப்பான். ஓட்டப்போறது மச்சினிதான். ரெண்டு சின்னப் பிள்ளைங்கள ஸ்கூல்ல விட்டுட்டு வரணும்.

— ம்.

— வேணாம்ணே.

— என்ன வேணாம்?

— கேன மூடுங்க. புக்குல என்ன போட்டிருக்கோ அதையே ஊத்துங்க. நான் இப்பவே சகலைக்கு போனப் போட்டு உடைச்சுடறேன். ரிங் போனது, வேலை போனது, எல்லாத்தையும்.

— சார், போனக் கீழ வைங்க.

— முடியாதுண்ணே. சொல்லிட்டா நிம்மதியா தூங்குவேன்.

— ஐயோ, வைங்க சார் கீழ! இத்தன நாள் கழிச்சு இன்னிக்குத்தானா உங்களுக்கு உண்மை பேசத் தோணணும்? எல்லாமே கெட்டுப் போயிடும்.

— என்ன கெட்டுப் போயிடும்?

— சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்.

— யாருக்கு... சகலைக்கா? இங்க வந்தானா?

— முந்தாநாள் வந்தாரு. போன வாரமே புகையப் பாத்தேனே, ரிங் போன வண்டின்னு நானே சொல்லிட்டேன். தெரிஞ்சேதான் வாங்கறாரு. கைக்கு வந்ததும் இஞ்சினப் பிரிச்சு சரி பண்ணக்கூடச் சொல்லிட்டாரு. நீங்க கேட்ட உடனே ஊத்தினா சந்தேகப்படுவீங்கன்னுதான் ஒண்ணும் தெரியாதவன் மாதிரி அவ்வளவு பாடம் நடத்தினேன், குடைஞ்சேன்.

— தெரிஞ்சே எதுக்கு வாங்கறான்? அவனுக்கு யாரு சொன்னது?

— அவரு தனியா வரல சார். கூட உங்க வீட்டம்மாவும் வந்தாங்க. லைப்ரரிப் பக்கம் ஏதோ வேலையாப் போனப்ப உங்களப் பாத்திருக்காங்க. நீங்க வண்டிக்குள்ள உக்காந்து சாப்பிட்டுகிட்டு இருந்தீங்களாம்... கூப்பிடாமலே திரும்பிட்டாங்களாம். ஆச்சு மூணு மாசம். புகை தெரியாதபடி ஊத்திக் குடுங்க, எங்க வீட்டுக்காரரு வாயத் திறக்காம வித்துட்டு வரட்டும், செலவுக்குப் பணமாவது கைக்கு வரும்னு சொல்லிட்டுப் போனாங்க. நேரா கேட்டுட வேண்டியதுதானேம்மான்னேன். “எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, நாளைக்குக் காலையில எட்டரைக்கு அந்த மனுஷன் எங்கண்ணே போவாரு?”ன்னாங்க.