தீனதயாளன் வீட்டுக்குக் கொடுத்த கீரை

அரைக்கீரையை வேரோடு பிடுங்கக் கூடாது மேடம். கிள்ளி எடுத்தால் மறுபடி துளிர்க்கும். வீட்டில் தொட்டி வைத்திருந்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

எங்கள் நிலம் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு மேற்கே இருக்கிறது. பக்கத்து மனையில் தீனதயாளன் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கினார். ஆசிட் தண்ணீரெல்லாம் எங்கள் பாத்தியில்தான் இறங்கியது. கீரை என்னவோ பச்சைப்பசேலென்றுதான் வந்தது. அதைத்தான் என் மகள் வைஷாலிக்கு ஊட்டினேன். நான்கு வயதாகியும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பாள். ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

மண்ணைச் சோதித்த அதிகாரி சொன்னார்: "இலைக்குள்ளயே ஏறிடுச்சும்மா. கழுவினாலும் போகாது, வேகவெச்சாலும் போகாது. சின்னப் பசங்களுக்கும் மாசமா இருக்கறவங்களுக்கும் குடுக்கவே கூடாது."

தீனதயாளனிடம் போய்ச் சொன்னேன். பட்டறை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் சிரித்தார்.

"கீரையில இன்னா விஜயகுமாரி ஈயம் கீது? கொண்டாந்து குடு, எங்க வூட்லயே ஆக்கித் துன்றோம்."

அவர்தான் கேட்டார். மறுநாளே கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டவள் அவர் மருமகள் கீர்த்தனா. வாயும் வயிறுமாக இருந்தாள். எங்கள் சண்டையைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"ரத்தம் கம்மியா கீதாம்க்கா. டாக்டரம்மா கீரை துன்னச் சொன்னாங்க. டெய்லி கொண்டாறீங்களா?"

மாமனார் சாப்பிடுவாரா என்று கேட்டேன்.

"அவரா? கறி இல்லாம சோத்துக்கே உக்கார மாட்டாரு."

அப்போதே நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். நான் ஏன் நிறுத்த வேண்டும்? எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினேன், எவராவது அந்தப் பட்டறையை நிறுத்தினார்களா? தினமும் கொடுத்தேன். இளங்கீரையாகப் பார்த்துக் கொடுத்தேன். எங்கள் வீட்டுக்கு மட்டும் செங்கல்பட்டு மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டோம்.

அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஒரு வயது தாண்டியும் உட்காரவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. கீர்த்தனா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு என் நிலத்துக்கே வந்தாள்.

"உங்க பாப்பா கூட இப்படித்தானே இருந்துச்சு? இப்ப தேறிகினு வருதே, அதுக்கு இன்னாக்கா குடுத்தீங்க?" என்று அழுதாள்.

பருப்போடு கீரையைக் கடைந்து ஊட்டச் சொன்னேன். அங்கேயே கிள்ளி ஒரு கட்டு அவள் கையில் கொடுத்தேன்.

வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் மேடம். நான் எதையும் மறுக்கவில்லை, மன்னிப்பும் கேட்கப்போவதில்லை. ஈயம் என்னுடையது அல்ல. தீனதயாளனுடைய பொருள் தீனதயாளன் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். மற்றபடி அந்தக் குழந்தைமேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அவனும் இப்போது என் பிள்ளை மாதிரிதான்.