ஸ்லிப் கேட்ச் அட்டை மாறியது குறித்து முஜீப் சொன்னது

என் பெயர் முஜீப், தகப்பனார் பெயர் நூர்முகமது, வயது நாற்பத்து மூன்று. செங்கல்பட்டில் மனைவி மஹீரா, மகள் இனாயாவுடன் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். மாமல்லபுரம் பஸ் நிலையம் அருகே செருப்புக் கடை வைத்திருக்கிறேன். என் மேல் இதற்கு முன் எந்த வழக்கும் இல்லை. உதவி ஆய்வாளர் சுஜாதா அவர்கள் கேட்க, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்.

முன்பு ஒரு கம்பெனி கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியின் பின்பக்கத்தில் கிரிக்கெட் அட்டைகளை அச்சடித்து விற்றது. புள்ளிக் கோட்டின் மேல் கத்தரித்து எடுக்க வேண்டும். கம்பெனி மூடிப் பல வருடம் ஆகிறது. அந்த அட்டைகளை நான் சேர்த்து வருகிறேன். ஒரே அட்டையை மறுபடி மறுபடி அச்சடிக்கும்போது சின்னச் சின்ன வித்தியாசம் வந்துவிடும். ஒன்றில் ஸ்டம்புக்கு நிழல் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. அதைக் கண்டுபிடிப்பதில்தான் எங்களுக்குச் சந்தோஷம். வேலையற்ற வேலை என்று என் மனைவி சொல்வாள், அது எங்கள் வீட்டு விவகாரம்.

புகார் கொடுத்த ராகவன் சார் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருவிடந்தையில் கடலோர அடுக்குமாடி வீட்டில் மனைவி ஞானம்பாள் அம்மாவுடன் இருக்கிறார். அட்டை சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பழக்கம் ஆனவர். அச்சு வித்தியாசம் பார்ப்பதில் அவர் எனக்குச் சளைத்தவர் அல்ல, நானும் அவருக்குச் சளைத்தவன் அல்ல. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் அட்டையை யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். உறையை விட்டு எடுத்து வெறும் அட்டையாக ஒருவர் கையில் கொடுத்தால் அவரை நம்புகிறோம் என்று பொருள். அதற்கு மேல் போட்டோ, ரசீது, சாட்சி என்று பேசினால் அசிங்கம்.

சென்ற வருடம் ரம்ஜானுக்கு முன்பு ராகவன் சார் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு ஸ்லிப்பில் நிற்பவன் பந்தைப் பிடிக்கும் படம் போட்ட ஸ்லிப் கேட்ச் அட்டை ஒன்றைக் காட்டினார். அந்த அட்டையில் படத்தின் பின்னணி ஓரம்வரை நீலமாக இருப்பதைத்தான் நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம், என்னிடமும் அப்படி ஒன்று உண்டு. அவர் காட்டியதில் பின்னணி பச்சை. முதல் அச்சில் பச்சையாக வந்து பிறகு மாற்றினார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோமே தவிர யாரும் கண்ணால் கண்டதில்லை. அவர் அதை உறையிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "எடுத்துட்டுப் போய் உன் அட்டையோட வச்சுப் பாரு, முஜீப். நீ சொன்னா சரி" என்றார். நான் வீட்டுக்குக் கொண்டுபோய் லென்ஸில் பார்த்து, அச்சு அசல்தான் என்று உறுதி செய்து, மறுநாளே திருவிடந்தைக்குப் போய் அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன். அதன் பிறகு அவர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியதாகக் குழுவில் எழுதினார். கடையில் ஆள் இல்லாததால் நான் போய்ப் பார்க்கவில்லை.

அதன் பிறகு போன ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து ஜோஷ்வா என்பவர் அந்த அட்டையைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். சட்டத்தின் முன் நின்று பார்த்துவிட்டு, "சார், இது நீலம்தானே" என்று சொல்லியிருக்கிறார். ராகவன் சாருக்கு உடனே என் ஞாபகம் வந்திருக்கிறது. ஒரு இரவு அட்டை என்னிடம் இருந்தது, என்னிடம் நீல அட்டையும் இருந்தது, அதனால் நான் மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று முடிவு கட்டிவிட்டார். நான் திருப்பிக் கொடுத்ததைக் கவனித்துப் பார்க்காமல் நம்பிக்கையில் அப்படியே சட்டக் கடைக்குக் கொடுத்துவிட்டதாகப் புகாரில் சொல்லியிருக்கிறார். புகாருக்கு முன்பே, நான் திருடன் என்று குழுவில் எழுதிவிட்டார். அதைக் கடையில் உட்கார்ந்துதான் படித்தேன்.

அதன் பிறகு இன்று காலை காவலர் ராமதாஸ் கடைக்கு வந்தார். சுற்றுலா வந்த ஒரு அம்மாவுக்குச் செருப்பு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா காதிலேயே விழும்படி, "இன்னா பாய், அட்டைய எங்க பதுக்கி வச்சிகினு கீற?" என்று கேட்டார். அந்த அம்மா ஒரு காலில் புதுச் செருப்போடு எழுந்து வெளியே போய்விட்டார். அந்த ஒற்றைச் செருப்பு இதுவரை கடைக்கு வரவில்லை. அதன் பிறகு என் வீட்டுக்குப் போய்ப் பீரோ, கட்டில், அரிசி டிரம் எல்லாம் பார்த்தார்கள். என் மனைவி, "செருப்புக்கடக்காரன் வூட்ல இன்னா கீது? எல்லாம் அட்டதான். எட்துகினு போங்க" என்று கத்தினாள். என் நீல அட்டையையும் ஆல்பத்தையும் எடுத்துக்கொண்டு என்னை இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். தெருவே வாசலில் நின்றது.

இங்கே மேசை மேல் அந்தச் சட்டம் இருந்தது. எதிரில் ராகவன் சாரும் ஞானம்பாள் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். பச்சை அட்டையை யாரிடம் கொடுத்தேன் என்று சொல்லாவிட்டால் மாலையில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதாக உதவி ஆய்வாளர் சொன்னார். நான் ராகவன் சாரைப் பார்த்து, "சார், உங்க அட்ட மேல எனக்கு ஆச இருந்துது. இல்லன்னா பொய். ஆனா அத நான் எடுக்கல" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "ஆசை இருந்துதுன்னு அவனே சொல்றான், எழுதிக்குங்க மேடம்" என்றார். பத்து வருடம் என்னோடு டீ குடித்தவர் அவர்.

அதன் பிறகு அட்டையை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கேட்டேன். தொடக் கூடாது என்ற நிபந்தனையில் உதவி ஆய்வாளர் சம்மதித்தார். கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தேன். நீலம்தான். அதன் பிறகு பந்தைப் பார்த்தேன். என் நீல அட்டை பக்கத்திலேயே இருந்தது, அதில் பந்து குங்குமச் சிவப்பு. சட்டத்துக்குள் இருந்ததில் பந்து வெளிறிப்போன ரோஸ். கேட்ச் பிடிக்கிறவன் முகமும் சோகை பிடித்தவன் முகமாக இருந்தது. நீல அச்சில் எத்தனையோ பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு பந்து எதிலும் இல்லை. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பச்சை என்பது தனி மை அல்ல, நீலமும் மஞ்சளும் மேலே மேலே விழுந்து வருவது. வெயில் பட்டால் முதலில் மஞ்சள் போகும், பிறகு சிவப்பு போகும், நீலம் கடைசிவரை நிற்கும். அட்டையை வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள் என்று எங்கள் குழுவில் எல்லோருக்கும் எழுதிய ஆளே ராகவன் சார்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

சட்டத்தை எங்கே மாட்டியிருந்தீர்கள் என்று கேட்டேன். ஞானம்பாள் அம்மாதான், "பால்கனிக்கு நேரா. யார் உள்ள வந்தாலும் மொதல்ல அதுதான் தெரியணும்னார். விடிஞ்சதும் ஸ்கிரீனை விலக்கிடுவார், கடலும் தெரியணுமாம். நான் மூடினா சண்டை" என்றார். தினம் பார்க்கிறவருக்கு நிறம் போவது தெரியாது. வெளியாள் ஜோஷ்வாவுக்குத்தான் தெரிந்தது.

அதன் பிறகு உதவி ஆய்வாளரிடம், "மேடம், சட்டத்துக்குள்ள அட்டயச் சுத்தி ஒரு வெள்ள அட்ட வச்சிகீறாங்க. அதுக்கு அடியில கீற ஓரத்துல வெயிலு பட்டிருக்காது. தொறந்து பாருங்க" என்று சொன்னேன். ராகவன் சார், "இவன் கை பட்டா அதையும் ஏதாவது பண்ணிடுவான்" என்றார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "நான் தொடல சார். நீங்களே தொறங்க" என்றேன். அங்கேயும் நீலமாக இருந்தால் நான் தொலைந்தேன் என்பது எனக்குத் தெரியும். சட்டக் கடைக்காரன் ஓரத்தை வெட்டியிருந்தாலும் தொலைந்தேன். வாய்க்குள் துஆ ஓதிக்கொண்டு நின்றேன்.

ராமதாஸ் ஒரு பிளேடு கொடுத்தார். ராகவன் சார் பின்பக்கம் ஒட்டியிருந்த தாளைக் கிழித்து, ஆணியை நீக்கி, வெள்ளை அட்டையைத் தூக்கினார். நீலப் படத்தைச் சுற்றி நான்கு பக்கமும் நக அகலத்துக்குப் பச்சைக் கரை இருந்தது. சென்ற வருடம் என் உள்ளங்கையில் இருந்த அதே பச்சை. ஞானம்பாள் அம்மா, "என்னங்க, பச்சை" என்று மட்டும் சொன்னார். ராகவன் சார் சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்து ஓரத்தைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், என் நீல அட்டையின் பந்தையும் பார்த்தார். பிறகு லென்ஸைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கு நான் விளக்க வேண்டியது ஒன்றும் இல்லை.

அதன் பிறகு புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வதாக ராகவன் சார் சொன்னார். அவர் மேல் நடவடிக்கை வேண்டுமா என்று உதவி ஆய்வாளர் என்னைக் கேட்டார். வேண்டாம், குழுவில் என்னைத் திருடன் என்று எழுதிய அதே இடத்தில் அவரே மாற்றி எழுதினால் போதும் என்றேன். அவர் இங்கேயே உட்கார்ந்து எழுதி அனுப்பினார். ராமதாஸ் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். "அட்டை என் வீட்டு வெயிலில் கெட்டது. முஜீப் மேல் நான் சொன்னது பொய்" என்று இருந்தது. அதன் பிறகு ராகவன் சார் அந்த அட்டையை எடுத்து, உறை எதுவும் இல்லாமல், என் பக்கம் நீட்டினார். "பாருப்பா" என்றார். அவர் கை நீட்டியபடியே இருந்தது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமும் அடங்கவில்லை. "மேசை மேல வைங்க சார், அங்கேந்தே பாத்துக்குறேன்" என்று சொன்னேன்.

என் நீல அட்டையையும் ஆல்பத்தையும் திருப்பித் தரக் கேட்டுக்கொள்கிறேன். அட்டைகளை ஓரத்தைப் பிடித்து எடுக்கவும் கேட்டுக்கொள்கிறேன். எழுதியதை ராமதாஸ் படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அத்தனையும் உண்மை. பின்னால் கட்டிய கையை இந்தக் கையெழுத்துக்காகத்தான் எடுத்தேன்.

(ஒப்பம்) நூ. முஜீப்

என் முன்பாக,
(ஒப்பம்) சுஜாதா, உதவி ஆய்வாளர்