கைகட்டி அக்காவும் மூன்றாவது பக்கமும்

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் நிறுவனத் தலைவர் அவர்களே, மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவர், எங்கள் எல்லோருக்கும் மாமாவான தச்சர் அவர்களே, எங்கள் செயலியைத் திட்டிக்கொண்டே தினமும் பயன்படுத்தும் பெரியோர்களே, வணக்கம்.

எங்கள் வடிவமைப்புத் துறைத் தலைவர் இன்று நம்மிடையே இல்லை. பதவிப் பெயர்தான் அது. எங்களுக்கு அவர் கைகட்டி அக்கா. அவரோடு பன்னிரண்டு ஆண்டு நிரல் எழுதியவன் நான். அதில் பாதியைச் சண்டையிலேயே கழித்தவன்.

ஏன் அந்தப் பெயர்? டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் செயலியை முடித்ததும், மருத்துவமனைக் கூடத்தில் காத்திருந்த இருபது பேரிடம் கொடுத்துப் பார்த்தோம். இருபது பேரும் பதிவு செய்துவிட்டார்கள். நான் இனிப்பு வாங்க ஆள் அனுப்பிவிட்டேன். அக்கா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"இருபது பேருக்கும் எங்க தொடணும்னு காட்டினது யாரு?"

"நான்தான்க்கா. சும்மா விரலால..."

"உன் விரலை எல்லார் வீட்டுக்கும் அனுப்பி வைப்பியா?"

மறுநாளே சட்டம் போட்டார். சோதனையை நடத்த உட்காரும் எங்கள் ஆள் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். எதிரில் இருப்பவர் எவ்வளவு திணறினாலும் கை அவிழக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. சொல்வதற்கு எளிது. உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் சலவைக்கடை நடத்தும் ஓர் அம்மா வந்தார். தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் விட்டுப்போயிற்று. திரையில் சிவப்பு எழுத்தில் ‘தவறான பதிவு’ என்று வந்தது. அந்த அம்மா, "மன்னிச்சிடுங்க சார்" என்றார். என்னைப் பார்த்து அல்ல, போனைப் பார்த்து! அதைப் பூப்போல மேசையில் வைத்துவிட்டு, மூட்டு வலியோடு சீட்டு வாங்கும் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

"அவங்க என்னப்பா தப்பு பண்ணாங்க? மன்னிப்பு கேக்க வேண்டியது நாம" என்றார் அக்கா. அன்றே அந்தச் சிவப்பு எழுத்து போயிற்று. இப்போது அங்கே ‘இன்னும் ஒரு எண் மிச்சம் இருக்கு’ என்று வருகிறது. அந்த ஒரு வரிக்காக மேலிடத்தோடு எத்தனை நாள் மல்லுக்கு நின்றார் தெரியுமா? தலைவர் சிரிக்கிறார், அவருக்குத் தெரியும்.

அக்காவின் கடைசி மாதம். படுக்கையில் இருந்த அவருக்கு எங்கள் செயலியில் டாக்டரிடம் நேரம் வாங்க வேண்டும். நான் வாங்கித் தருகிறேன் என்றேன்.

"வேண்டாம். உங்க மாமாவே பண்ணட்டும். நான் போனப்புறம் அவருக்கு யாரு பண்ணுவா?"

மாமா அதுவரை போனில் பேசியதோடு சரி. வேறு எதையும் தொட்டதில்லை. அக்கா கட்டிலில் சாய்ந்தபடி கையைக் கட்டிக்கொண்டார். மாமா திணறினார், கை அவிழவில்லை. வலி கூடியது, கை அவிழவில்லை. பதினொரு நிமிடம் கழித்து, "நேரம் கிடைச்சிடுச்சு" என்று மாமா சொன்ன பிறகுதான் அவிழ்த்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். இதை மாமா என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது பெருமை. எனக்கும் அதேதான்.

அன்று நேரம் கிடைத்த அரை மணியில் அக்காவிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"மூணாவது பக்கத்துல நாலு நிமிஷம் நின்னுட்டாருப்பா. மாசம் முழுக்கக் கட்டம் கட்டமா காட்டினா யாருக்கும் பயம் வரும். நாளைக்கா, அதுக்கு மறுநாளான்னு கேட்டா போதாதா? மாத்திடு."

அடுத்த வெளியீட்டில் பார்க்கலாம் என்றேன். இன்னும் மாற்றவில்லை. அந்தக் குறை என்னுடையது.

பெரிய சபதம் எல்லாம் அக்காவுக்குப் பிடிக்காது. திங்கட்கிழமை காலை மூன்றாவது பக்கத்தைத் திருத்த உட்காருகிறோம். முடிந்ததும், மாமா, போனை முதலில் உங்கள் கையில்தான் தருவேன். எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீங்கள் எவ்வளவு திணறினாலும் சொல்லித்தர மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.