ஏரிக்கரை தாண்டாத ஃப்ரீ டெலிவரி

கருங்குழிக்குப் போகிற டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் பேசி முடித்த போனைப் பைக்குள் எறிந்தாள்.

“ஆன்லைன்ல ஆர்டர் போட்டு வூட்டுக்கே வர்ற மிக்ஸிய வாங்கத்தான்டி கருங்குழிக்குப் போய்கினு கீறேன்.”

“இன்னாக்கா சொல்ற? வூட்டுக்கு வந்தா நீ ஏன் போற?”

“டெலிவரிக்காரன் நம்ம ஏரிக்கரைய தாண்டி வரமாட்டானாம். பஸ் ஸ்டாண்டாண்ட வந்து வாங்கிக்கணுமாம். போன வாரம் குக்கருக்கும் இதே கததான்.”

“நீதான் அந்த கம்பெனில வருஷத்துக்குப் பணம் கட்டி மெம்பராயிட்டியே?”

“அதான்டி வயிறு எரியுது! மெம்பருக்கு டெலிவரி ஃப்ரீன்னு சொல்லித்தான் கட்ட வெச்சானுங்க. இப்ப போன் பண்ணா, ‘டெலிவரிக்கு உங்ககிட்ட காசே வாங்கலையே மேடம்’ன்றா ஒருத்தி. வராததுக்கு எப்படிடி காசு வாங்குவானுங்க?”

“அவள நல்லா கேட்டியா?”

“கேட்டேன். மெம்பர்ஷிப் முடியப்போவுது, புதுப்பிச்சிக்கோங்கன்றா!”

கண்டக்டர் வந்து இருவருக்கும் மகளிர் இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவள் தன்னுடையதைப் பக்கத்தில் இருந்தவளின் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

“எனக்குக் கெடச்ச ஃப்ரீ இது ஒண்ணுதான்டி. இதுக்கு எவனும் மெம்பராவச் சொல்லல!”