நாலு சில்லும் இழுக்கிற கார்

சுவிஸின் ஓல்டனில் ரயில் புறப்பட்டதும், எதிர் இருக்கைப் பெண் தன் கணவரிடம் கேட்ட கேள்வி என்னைப் புத்தகத்திலிருந்து நிமிர வைத்தது.

“புதுக்கார் பூசையில நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைக்கிறம். பிறகேன் பின் சில்லு ரெண்டு மட்டும் இழுக்கிற காரை வாங்கோணும்?”

“அது ஓடச் சுகமப்பா. பனிக்கு வின்டர் டயர் போடுவம்.”

அந்தப் பெண் மலையூர்களில் வீடு வீடாகச் சென்று நோயாளரைப் பராமரிப்பவர் என்பது அடுத்த பேச்சில் தெரிந்தது.

“போன கிழமை எங்கட பழைய காரும் அந்த டயரோடதானே மேட்டில வழுக்கினது? மேல என்ர நோயாளி இன்சுலின் ஊசிக்கு ஒரு மணித்தியாலம் காத்துக்கொண்டிருந்தவர்.”

“பனி கொட்டினா நான் கொண்டுபோய் விடுறன்.”

“அண்டைக்கும் நீங்கள்தான் கார் ஓடினனீங்கள். நான் இறங்கித் தள்ளினனான்.”

கணவர் கனிவாகச் சொன்னார்:

“சரி, நாலும் இழுக்கிறதையே எடுப்பம். நிறத்தையாவது நான் சொல்லட்டோ?”